புதிய நூலுக்கு எந்தத் தட்டு?

நூலகத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம் மாணவர் கேட்பவை இரண்டே கேள்விகள். மொத்தம் எத்தனை நூல்கள் இருக்கின்றன? இவ்வாண்டு புதிதாக என்ன வாங்கினார்கள்? வாங்கிய நூலை எங்கே வைத்தார்கள் என்று கேட்பவர் அரியர். அது நூலகரின் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். ஆனால் நண்பர்களே, ஆயிரக்கணக்கான நூல்களுக்கு நடுவே தவறான தட்டில் வைக்கப்பட்ட ஒரு நூல், வாங்கப்படாத நூலே ஆகும். பணமும் போயிற்று; பயனும் இல்லை.

தமிழ்ப் பகுதியில் இந்த இடர்ப்பாடு இன்னொரு வடிவம் கொள்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நூல்கள் ஓர் எண் முறையில் ஓரிடத்தில் நிற்கும். பிறகு வந்தவை வேறொரு எண் முறையில் வேறு தளத்தில் நிற்கும். அன்பளிப்பாக வந்தவை, கொடுத்தவர் பெயர் தாங்கிய கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கும். சிலப்பதிகாரத்தைப் பற்றி ஒருவன் படிக்க விரும்பினால் மூன்று இடங்களுக்கு நடக்க வேண்டும். மூன்று இடங்கள் உள்ளன என்பதே அவனுக்குத் தெரியாது. முதலில் கண்ட இடத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு, இவ்வளவுதான் தமிழ் என்று திரும்பிவிடுகிறான். பழைய தொகுதியோடு புதிய வரவை எப்படிச் சேர்ப்பது என்பதைப் பற்றி நூலகங்கள் ஒரு கொள்கை வகுக்க வேண்டும். அக்கொள்கையில் தமிழ் மாணவராகிய நமக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதைப் பெங்களூரில் இருந்துகொண்டு பேசுவது பொருத்தமே. இந்தக் கேள்வியை உலகில் எவரும் எண்ணாத அளவு எண்ணிப் பார்த்த ஒருவர் தம் இறுதிக் காலத்தை இந்நகரில்தான் கழித்தார். அவர் தமிழர். சீர்காழியில் 1892-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகிய சீ. இரா. ரங்கநாதனைத்தான் சொல்கிறேன். 1962-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் சார்பில் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை அவர் இந்நகரில் தொடங்கினார். மைசூர்ச் சாலையில் செல்வோர் அக்கழகத்தின் வாயிலைக் கண்டிருக்கலாம். 1972 செப்டம்பர் 27-ல் இங்கேயே மறைந்தார். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கிரிக்கெட் ஆட்டக்காரர் எந்தத் தெருவில் வீடு கட்டியிருக்கிறார் என்பது தெரியும்!

அவர் நூலகக் கலை பயில இலண்டனுக்குச் சென்றபோது, ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டாராம். சில துண்டுகளையும் திருகாணிகளையும் கொண்டு வண்டியும் கட்டலாம், பாலமும் கட்டலாம், பளுதூக்கியும் கட்டலாம். நூலின் பொருளையும் இப்படிச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துப் பின்பு பொருத்தினால் எந்தப் புதிய நூலுக்கும் இடம் கிடைக்குமே என்று அவர் கணித மூளை கண்டது. அதிலிருந்து பிறந்ததே 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

அதற்கு முன் எங்கும் பரவியிருந்தது அமெரிக்கர் மெல்வில் டியூயி 1876-ல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. இன்றும் உலகில் மிகுதியாக வழங்குவது அதுவே. அதில் இலக்கியத்திற்கு 800. அமெரிக்க இலக்கியத்திற்கு 810, ஆங்கிலத்திற்கு 820, செருமானியத்திற்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று ஐரோப்பிய மொழிகள் அகலமாக அமர்ந்துகொண்டபின், மிச்சமுள்ள உலகம் முழுவதும் 890-ல் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஈராயிரம் ஆண்டு இலக்கியம் படைத்த தமிழுக்கு 894.811. இரயிலில் முதல் வகுப்பில் சிலர் கால் நீட்டிப் படுத்திருக்க, கதவோரம் தொங்கிக்கொண்டு போவது போல! ரங்கநாதன் முறையில் இலக்கியத்திற்கு ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்து; தமிழுக்கு 31; கவிதைக்கு 1. அதன்பின் ஆசிரியர் பிறந்த ஆண்டு. பாரதி 1882-ல் பிறந்தவர். 1800-களைக் குறிக்கும் எழுத்து ‘எம்’. ஆகவே அவர் எம்-82. கவிஞர்கள் பிறந்த வரிசையிலேயே தட்டில் நிற்பார்கள். இலக்கிய வரலாற்றையே கண்முன் நிறுத்திவைத்தது போன்றதன்றோ இது? வள்ளுவர் பிறந்த ஆண்டை அந்த இடத்தில் எந்த நூலகர் எழுதுவார் என்று நீங்கள் கேட்கலாம். புலவர்கள் சண்டையிட்டுக்கொள்ள அதுவும் ஓர் இடம் என்று விட்டுவிடுவோம்.

ஒன்றை மட்டும் இங்கே குறித்துக்கொள்க. டியூயி முறையில் தமிழ் 894.811, கன்னடம் 894.814. ரங்கநாதன் முறையில் தமிழ் 31, கன்னடம் 33. எந்த முறையைக் கைக்கொண்டாலும் இவ்விரு மொழிகளும் தட்டில் நெருங்கிய அண்டை வீட்டார். வெளியே சிலர் என்ன பேசினாலும் தட்டில் சண்டை இல்லை.

இனிச் செய்திக்கு வருவோம். பழங்கால நூலகங்களில் ஒரு நூலுக்கு ஒரு நிலையான இடம் இருந்தது. நான்காம் பீரோ, மூன்றாம் தட்டு, பதினேழாம் நூல் என்று எழுதிவைத்தால் அது அங்கேயே இருக்கும். நூலகம் வளராதிருக்கும் வரையில் இதில் தவறில்லை. ஆனால் நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளுள் ஐந்தாவது. தட்டு நிரம்பியபின் வந்த பதினெட்டாம் நூல் எங்கே போகும்? இருக்கும் இடத்திற்குப் போகும். அது வேறு அறையாக இருக்கும். இப்படித்தான் ஒரே பொருளைப் பற்றிய நூல்கள் சிதறத் தொடங்கின. பகுப்பெண் முறை இத்தொல்லையைத் தீர்த்தது. எண் பொருளைக் குறிக்கிறதேயன்றி இடத்தைக் குறிப்பதில்லை. ஆகவே நூல்களைச் சற்றே நகர்த்தி நடுவில் புதியதைச் செருகலாம். ரங்கநாதன் இன்னும் ஒரு படி சென்று, நூலெண்ணில் பதிப்பித்த ஆண்டையும் சேர்த்தார். அதனால் ஒரே பொருளில் பழைய நூல் இடப்பக்கமும் புதியது வலப்பக்கமும் தாமாகவே அமையும்.

ஆனால் ஒரு நூலகம் தன் முறையையே மாற்றிக்கொண்டால் என் செய்வது? பீரோ எண்ணிலிருந்து டியூயிக்கு, அல்லது டியூயியிலிருந்து கோலனுக்கு, அல்லது கோலனிலிருந்து மறுபடியும் டியூயிக்கு! நம் நாட்டு நூலகங்கள் சில இம்மூன்று பயணங்களையும் செய்திருக்கின்றன. அப்போது பழைய நூல்களின் கதி என்ன?

ஒரு வழி, எல்லாவற்றையும் எடுத்து மறுபடி எண் இடுவது. ரங்கநாதன் 1945 முதல் 1947 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாம் ஒருவராகவே வகைப்படுத்திப் பட்டியலிட்டார் என்பது நூலகத் துறையினர் இன்றும் வியந்து கூறும் செய்தி. எல்லாரும் ரங்கநாதன் அல்லர். இன்று ஒரு நூலகரிடம் அப்படிச் செய்யுங்கள் என்றால் அவர் மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர்மேல் குற்றம் இல்லை.

இரண்டாம் வழி, பழையது பழைய முறையிலேயே கிடக்கட்டும், இன்று முதல் வருவது புதிய முறையில் நிற்கட்டும் என்று விட்டுவிடுவது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல 1960-களில் டியூயியை விட்டு அந்நாட்டுக் காங்கிரசு நூலகத்தின் முறைக்கு மாறியபோது இதைத்தான் செய்தன. அவற்றுள் சிலவற்றில் இன்றும் இரண்டு வரிசைகள் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே என்று பலகை உண்டு. இரண்டு வரிசைக்கும் பட்டியல் ஒன்று. நம்மவர் முதற்பாதியை மட்டும் பின்பற்றினர்.

மூன்றாம் வழிதான் ரங்கநாதன் சொன்னது. அவர் அதற்கு இட்ட பெயர் வேதியியலிலிருந்து வந்தது: சவ்வூடு பரவல். உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால், தோலை ஊடுருவி நீர் உள்ளே செல்கிறதல்லவா? அதுபோல. ஒரு நாளைக் குறித்துக்கொள். அந்நாள் முதல் வரும் நூலுக்கெல்லாம் புதிய எண் இடு. பழையவற்றுள் மிகுதியாகப் படிக்கப்படுபவை எவை என்று தெரிந்தால் அவற்றையும் மாற்று. மற்றவற்றைத் தொடாதே. எவராவது ஒரு பழைய நூலை எடுத்துச் சென்று திருப்பித் தந்தால், அது பழைய தட்டுக்குத் திரும்ப வேண்டாம். புதிய எண் பெற்றுப் புதிய தட்டுக்குச் செல்லட்டும். சில ஆண்டுகளில் உயிருள்ள நூல்களெல்லாம் புதிய வரிசைக்கு வந்துவிடும். எஞ்சியவை எவரும் தொடாதவை. எவ்வளவு எளிமை! பணச் செலவு இல்லை, கதவடைப்பு இல்லை, வாசகனே தன்னை அறியாமல் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறான். ஒரு கணித ஆசிரியரின் மனம் மட்டுமே இப்படி ஒரு வழியைக் கண்டிருக்க முடியும்.

இவ்வளவு போற்றியபின் நான் மாறுபடுவது வியப்பாக இருக்கலாம். ஆயினும் மாறுபடுகிறேன். இம்முறை பெரும்பான்மை மொழியின் நூல்களுக்குப் பொருந்தும். சென்னையில் தமிழுக்குப் பொருந்தும். பெங்களூரில் கன்னடத்திற்குப் பொருந்தும். ஆங்கிலத்திற்கு எங்கும் பொருந்தும். பெங்களூர்ப் பல்கலைக்கழகங்களில் தமிழுக்குப் பொருந்தாது. சென்னை நூலகத்தில் உள்ள கன்னட நூல்களுக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

காரணம் கூறுகிறேன். இம்முறையில் ஒரு நூல் வாழ்வதா மறைவதா என்பதைத் தீர்மானிப்பது எடுப்பார் எண்ணிக்கை. இங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் சிலர். அச்சிலருள்ளும் பழைய தட்டு இருப்பதை அறிந்தவர் இன்னும் சிலர். எடுப்பார் இல்லாததால் நூல் நகர்வதில்லை. நகராததால் பட்டியலில் ஏறுவதில்லை. பட்டியலில் இல்லாததால் எடுப்பார் இல்லை. இந்த வட்டத்தில் நூலின் தகுதிக்கு எங்கே இடம்?

கணிப்பொறி வந்தபின் இது தீர்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள்; முற்றிற்று. பல நூலகங்கள் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றியபோது புதிய வரவிலிருந்து தொடங்கின. அது இயற்கையே. பழைய அட்டைகளைப் பின்னர் ஏற்றலாம் என்று ஒதுக்கிவைத்தன. அந்தப் ‘பின்னர்’ இன்னும் வரவில்லை. இன்றைய மாணவன் அட்டைப்பெட்டியைத் தேடுவதில்லை; திரையில் தேடுகிறான். திரையில் இல்லையென்றால் உலகிலேயே இல்லை என்பது அவன் முடிவு. ஏற்றிய தமிழ் நூல்களிலும் பல ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. ‘குறுந்தொகை’ என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். ‘ற’வுக்கு ஒரு வழக்கு, ‘ந்தொ’வுக்கு இரண்டு, ‘கை’க்கு இரண்டு, பெருக்கிக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு விதமாக ஏற்றியிருப்பார். நீங்கள் வேறு விதமாகத் தேடுவீர்கள். நூல் தட்டில் இருக்கும். விடை ‘இல்லை’ என்று வரும்.

அடுத்து வருவது கழிப்பு. இடம் போதாதபோது பல ஆண்டுகளாக எவரும் எடுக்காத நூல்களை நீக்குவது எல்லா நூலகங்களுக்கும் உள்ள வழக்கம். அது தேவையும்கூட, நூலகம் குப்பைக்கிடங்கு அன்று. ஆனால் எவரும் எடுக்காதது ஏன் என்று எவரும் கேட்பதில்லை. “இதற்குத்தான் புதிய பதிப்பு இருக்கிறதே” என்பது அடுத்த வாதம். உ. வே. சாமிநாதையர் 1894-ல் வெளியிட்ட புறநானூறும், இன்று பாட்டை மட்டும் அச்சிட்டு விற்கும் மலிவுப் பதிப்பும் ஒரே நூல் அல்ல. அவர் எந்தெந்தச் சுவடிகளைக் கண்டார், எந்தப் பாடத்தைக் கொண்டார், எதை விடுத்தார், யார் யார் உதவினர் என்பவை முன்னுரையிலும் அடிக்குறிப்பிலும் இருக்கின்றன. சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் ஐயரின் சீவக சிந்தாமணியும் ஒரே ஆண்டில், 1887-ல், வெளிவந்தவை. அந்த ஆண்டில் தமிழ் உலகில் என்ன நடந்தது என்பதை அறிய அந்த அச்சையும் தாளையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு பழையது கழிந்துபோயிற்று என்று கணக்கிட வழியில்லை. கழித்தபின் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் மிஞ்சும்.

என் யோசனை மிக எளியது. சவ்வூடு பரவலைப் பிற பகுதிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறுபான்மை மொழித் தொகுதிகளுக்கு மட்டும் அதை விட்டுவிட்டு, முழுவதையும் ஒரே முறை மாற்றுங்கள். செலவாகுமே என்பீர்கள். எதனால் அந்த முறை தமிழுக்குத் தோற்கிறதோ அதே காரணத்தால்தான் செலவும் குறைவு. நம் தொகுதி சிறியது! லட்சம் நூல்களை மாற்றுவது மலை. சில ஆயிரம் நூல்களை மாற்றுவது ஒரு கோடை விடுமுறை வேலை. அல்சூரில் 1950-ல் தோன்றிய தமிழ்ச் சங்கத்தின் நூலகம் போன்ற இடங்களில் தமிழே பெரும்பான்மை. அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பல்கலைக்கழக நூலகத்தின் மூலையில் நிற்கும் தமிழுக்குத்தான் இது வேண்டும்.

அன்பளிப்புத் தொகுதிகளைப் பற்றியும் ஒரு சொல். இதில் என் கருத்து சிலருக்குக் கசக்கலாம். ஒரு பெரியவர் முந்நூறு நூல்களைத் தருகிறார். அவற்றைத் தனி அலமாரியில் வைத்து, பெயர்ப்பலகை மாட்டி, மாலை போட்டுப் படமெடுத்துப் பூட்டிவிடுகிறோம். அவர் நூல் தந்தது படிக்கவா, பூட்டவா? அந்த முந்நூறையும் பொருள்வாரியாகப் பொது வரிசையில் பிரித்து வைக்க வேண்டும். அவர் பெயரை ஒவ்வொரு நூலின் உள்ளட்டையிலும் ஒட்டுங்கள், பட்டியலிலும் பதியுங்கள். திரையில் அவர் பெயரைத் தட்டினால் முந்நூறும் வரிசையாக வந்து நிற்கும். முந்நூறு இடங்களில் அவர் பெயர் படிக்கப்படும். பலகையில் ஒரே இடத்தில்தான்.

விதிவிலக்கு உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் நாடக விளம்பரங்களும் அழைப்பிதழ்களும் 1992-ல் அவர் மறைந்தபின் சிதறிப்போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. அத்தகைய தொகுதியைக் கலைப்பது குற்றம். ஏனெனில் அங்கே ஒரு நூலுக்குப் பக்கத்தில் இன்னொரு நூல் இருப்பதே ஒரு செய்தி. சேர்த்தவரின் அறிவு அந்த அடுக்கில் இருக்கிறது. மறைமலையடிகளின் நூல்களைக் கொண்டு 1958-ல் சென்னையில் நூலகம் அமைத்தபோதும் அந்த நியாயம் இருந்தது. ஓர் அறிஞர் எதை எதைப் படித்து எழுதினார் என்பதற்கு அதுவே சான்று. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரின் வீட்டு அலமாரிக்கு, அவர் எவ்வளவு நல்லவராயினும், இந்த நியாயம் இல்லை.

இரண்டு வரிசை, மூன்று வரிசை என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்தில் 1981 சூன் முதல் நாள் விடியுமுன் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அந்நூலகம் எழுந்தபோது ரங்கநாதனிடமும் அறிவுரை கேட்டிருந்தார்கள். மறுபடி கட்டித் திறந்தபின் அங்கு வந்து சேர்ந்த நூலெல்லாம் புதிய வரவுதான். பழைய தொகுதியோடு எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியே அவர்களுக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள். நமக்கு அக்கேள்வி இருக்கிறது என்பதே ஒரு பேறு.

நூலகர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. தமிழ் எழுத்து அறியாத ஒருவர் தமிழ் நூலை எப்படி வகைப்படுத்துவார்? பழைய நூலின் முகப்பில் பதிப்பாண்டு ‘சர்வசித்து வருஷம் ஆவணி மாதம்’ என்று இருக்கும். அல்லது தமிழ் எண்ணில் இருக்கும். அல்லது கலியாண்டில் இருக்கும். அவர் ‘ஆண்டு இல்லை’ என்று எழுதிவிடுவார். இல்லாமல் என்ன, இருக்கிறது; படிக்கத் தெரியவில்லை. நமக்கும் முழுவதும் தெரியுமா? சர்வசித்து 1887-லும் வந்தது, 1947-லும் வந்தது. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும் பெயரைக் கொண்டு எந்தச் சுற்று என்று சொல்ல, தாளையும் அச்செழுத்தையும் அச்சுக்கூடத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். நூலெண்ணில் ஆண்டு சேர்வதால், இங்கே பிழைத்தால் நூல் அறுபது ஆண்டு தள்ளிப் போய் நிற்கும். மு. வரதராசனை ‘மு’வில் தேடுவதா ‘வ’வில் தேடுவதா என்பதும், பாரதியும் பாரதியாரும் சுப்பிரமணிய பாரதியும் ஒருவரே என்பதும் நமக்கு விளையாட்டு, தமிழ் தெரியாத ஊழியருக்குத் தலைவலி. இங்கேதான் மாணவர் உதவ முடியும். எண் இடுவது அவர் தொழில். முகப்பைப் படித்துச் சொல்வது நம்மால் ஆகும்.

ஆகவே நம் சங்கம் நூலகக் குழுவுக்கு எழுத வேண்டும் என்று கேட்கிறேன். பழைய தமிழ்த் தட்டுக்கும் புதிய தட்டுக்கும் இடையே, மற்றொன்று எங்கே இருக்கிறது என்று காட்டும் பலகை இந்த மாதமே வைக்கலாம். அதற்கு ஓர் அட்டையும் மையும் போதும். பழைய அட்டைப்பெட்டியையும் வரவுப் பதிவேட்டையும் எக்காரணம் கொண்டும் வெளியே போடக்கூடாது. எது இருந்தது என்பதற்கு அவையன்றி வேறு சாட்சி இல்லை. தமிழ் நூல்களின் பெயர் தமிழ் எழுத்திலேயே கணிப்பொறியில் ஏற வேண்டும். இன்று அதற்கு எந்தத் தடையும் இல்லை. மறு எண்ணிடும் வேலை முடியும் வரை பழைய தொகுதியிலிருந்து ஒரு தமிழ் நூலும் கழிக்கப்படக்கூடாது. முடிந்தபின் கழிப்பதாயின் பட்டியலை நம் துறை ஆசிரியர்களிடம் காட்டிவிட்டுக் கழிக்கட்டும்.

முகப்புப் படிக்க முன்வருவோர் சனிக்கிழமை முற்பகல்களில் இரண்டு மணி நேரம் தர வேண்டியிருக்கும். ஒருவர் படிக்க, ஒருவர் எழுத, இருவராக அமர்ந்தால் வேலை விரைந்து நடக்கும். தமிழ் எண்களும் அறுபது ஆண்டுப் பெயர்களும் தெரியாதவர் பஞ்சாங்கம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். பெயர்களைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். பழைய நூல்களின் தூசு பொல்லாதது. ஒரு கைக்குட்டை கொண்டுவருக.